பாவம் பார்த்து வைத்த தேனடை

"ஈதானே" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு சொல்லுக்காக நான் பேச்சை நிறுத்தியவர்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரி அப்படிச் சொன்னாள் என்று சாம்பார் வருவதற்கு முன்பே எழுந்து வந்தவள் நான். பைத்தியம், கோட்டி பிடித்துவிட்டது என்றார்கள். இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு யாருக்குக் கோட்டி என்று சொல்லுங்கள்.

இலஞ்சிக்கு மேற்கே மலையடியில் எங்களுக்கு ஒரு தோப்பு. மாவும் தென்னையும் நிற்கிற இடம் போக, வெயில் விழுகிற இடத்தில் பாகலுக்குப் பந்தல், வெள்ளரிக்குப் பாத்தி. காய் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகும். என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து வந்தபிறகு திருநெல்வேலியில் ஒரு வங்கியில் காவலுக்கு இருக்கிறார். வாரக் கடைசியில் வந்து, தோப்பைச் சுற்றிவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். மற்றபடி தோப்பு என் பாடு.

மேற்கு ஓரத்தில், வாய்க்கால் கரையில் பெரிய மருத மரம் ஒன்று உண்டு. ஏணி வைத்தால் எட்டுகிற உயரத்தில் அதில் ஒரு பொந்து. உள்ளே அடுக்குத் தேனீ. நம் ஊர்த் தேனீ, சின்னது, கறுப்பு வரி போட்டது, இருட்டுக்குள் வரிசை வரிசையாக அடை கட்டுவது. நான் கல்யாணமாகி இந்தத் தோப்புக்குள் கால் வைத்தபோதே அது அங்கே இருந்தது. ஒவ்வொரு வருடமும் பனி முடிந்து மா பூக்கிற சமயத்தில் கூட்டம் பெருத்து, ஒரு பிரிவு வெளியே வந்து மாங்கிளையில் தொங்கும். அதைப் பிடித்துப் பெட்டியில் வைப்பேன். என்னிடம் இருந்த பெட்டிகள் அத்தனையும் அப்படி வந்தவைதான்.

பொந்துக்குள் மட்டும் நான் கை விட்டதில்லை. புகை போட்டுத் தேன் எடுத்துத் தருகிறேன் என்று வந்தவர்களை வாரியலைக் காட்டி விரட்டியிருக்கிறேன். பெட்டி ஒன்று கெட்டுப்போனால் மரத்திலிருந்து அடுத்த வருடம் இன்னொன்று வரும். மரம் போனால் எங்கிருந்து வரும்? அது தாய்க்கூடு. எனக்கு நகை நட்டு மேல் பெரிய பிடிப்பு கிடையாது. எதை இழக்கக்கூடாது என்று கேட்டால் அந்தப் பொந்தைத்தான் காட்டியிருப்பேன்.

இதை வெறும் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். தேனீ பூவில் உட்காராவிட்டால் வெள்ளரி ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் சூம்பிப் போகும். பாகல் குட்டையாக நின்றுவிடும். சந்தையில் கூடையைக் கவிழ்த்த உடனே தெரிந்துவிடும். என் சோறு அந்த ஈயின் காலில் ஒட்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இனி அத்தான். என் அக்காவின் வீட்டுக்காரர், போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்துத்தான் தேனீ வளர்க்க ஆரம்பித்தார். ஆனால் இரண்டே வருடத்தில் எனக்கே சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். அதற்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அத்தானாக இருந்தால் போதும். சீசன் வந்தால் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற சாலையில் ஒரு சின்னக் கடை போடுவார். கடைக்கு மேலே ஒரு போர்டு: "சீனி போடாத தேன்." தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசிக் காட்டுவார். எரிந்தால் சுத்தமாம். எண்ணெய்க் குளியலுக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

குற்றாலத்தில் தேன் விற்கிறவனுக்குப் பிறந்தது முதலே சந்தேகக் கேஸ்தான். சீனிப்பாகைக் காய்ச்சி, அதில் நாலு செத்த ஈயைப் போட்டு மலைத்தேன் என்று விற்கிறவர்கள் இங்கே உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதனால் நல்லவன் வாயிலும் முதல் வார்த்தை "சீனி கிடையாது" என்பதுதான். அத்தானுக்கு அது வைராக்கியமாகவே போயிற்று. அவர் வீட்டில் டீக்குப் போடுகிற சீனியைத் தவிர வேறு சீனி இருக்கக்கூடாது. தேனீப் பெட்டி இருக்கிற பக்கம் சீனி டப்பாவைக் கொண்டுபோனாலே அக்காவைக் குற்றவாளியை விசாரிப்பது போல விசாரிப்பார்.

இதில்தான் எல்லாம் கெட்டது. சாரல் என்றால் ஊருக்குக் கொண்டாட்டம், தேனீக்குப் பட்டினி. ஆனி, ஆடியில் நாள் முழுக்கத் தூறிக்கொண்டும் காற்றடித்துக்கொண்டும் இருந்தால் அது எங்கே போகும்? பூவில் இருக்கிற தேனும் கழுவிப்போகும். அந்த நாட்களில் சீனியைத் தண்ணீரில் கரைத்துச் சிறு கிண்ணத்தில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அது கஞ்சி. தேன் எடுப்பது அதெல்லாம் தீர்ந்து பல மாதம் கழித்து. நான் வைப்பேன். ஊரறிய வைப்பேன், எனக்கென்ன பயம்?

அத்தானுக்கு ஆகாது. "ஏ பிள்ள, நீயும் சீனி போடுத, அந்த ஃப்ராடுப் பயலுவளும் சீனி போடுதானுவ. அப்புறம் என்ன வித்தியாசம்?" என்பார்.

"அவனுவ பாட்டில்ல போடுதானுவ, நான் பட்டினி கிடக்கிற ஈக்குப் போடுதேன். வித்தியாசம் தெரியலைன்னா எப்படி அத்தான் கேஸ் புடிச்சீய?"

சிரித்துக்கொள்வார். மனதில் ஏறாது. ஏறியிருந்தால் இதைச் சொல்லவேண்டிய சோலியே எனக்கு வந்திருக்காது.

அந்த வருடம் கிழக்கே சூரியகாந்திக் காட்டுப் பக்கம் ஒரு வெளியூர் வியாபாரி லாரி நிறையப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். இத்தாலியத் தேனீ. நம்முடையதைவிடப் பெரியது, மஞ்சளாக இருக்கும், தேனும் அதிகம் தரும். ஒரு ஊரில் பூ முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த மாநிலம் என்று லாரியிலேயே வாழ்கிற தேனீ. அத்தான் அங்கே போய்ப் பழகி, தேன் இருக்கிற பழைய அடைகளை வாங்கி வந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. பட்டினி கிடக்கிற தேனீக்குச் சீனி வேண்டாம், தேனையே கொடுப்போம்.

"தேனீக்குத் தேன். இதவிட யோக்கியம் என்ன வேணும்?" என்று என்னிடமே வந்து பெருமை பேசினார்.

"வெளியூர் அடையக் கொண்டாந்து பெட்டிக்குள்ள வைக்காதீய அத்தான். அதுல என்னென்ன நோய் இருக்கோ. எனக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சில திரும்பத் திரும்பச் சொன்னது இது ஒண்ணுதான்" என்றேன்.

"தேன்ல என்னட்டி நோய்? கெட்டே போகாத பொருளு உலகத்துல அது ஒண்ணுதான்" என்று பக்கத்திலிருந்த அக்கா வக்காலத்துக்கு வந்தாள். தேன் கெட்டுப்போகாது என்பது நிஜம்தான். அதற்குள் இருப்பதும் சீக்கிரம் கெட்டுப்போகாது என்பதை நான் சொல்லி அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. "சரி, உங்க பெட்டில என்னமும் செய்ங்க. என் தோப்புப் பக்கம் கொண்டு வந்துராதீய" என்று முடித்துவிட்டேன். அத்தான் தலையை ஆட்டினார்.

ஆடியில் மகளுக்குப் பிரசவம். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவளோடு இருக்க வேண்டியிருந்தது. தோப்புச் சாவியை அக்காவிடம் கொடுத்து, சீனித் தண்ணீர் எப்படிக் கரைக்க வேண்டும், எந்தப் பெட்டிக்கு எவ்வளவு என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனேன். பேத்தி பிறந்தாள். வாயெல்லாம் பல்லாக ஊருக்குத் திரும்பினேன்.

தோப்புக்குள் நுழைந்ததும் சத்தம் குறைவாக இருந்தது. சாரல் என்று நினைத்தேன். முதல் பெட்டியைத் திறந்தேன். ஈக்கள் அடையின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன, யாரையும் கொட்டுகிற தெம்பில்லை. புழு இருக்கிற அறைகளை மெழுகு மூடியிருக்க வேண்டும். பாதிக்கு மேல் திறந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் புழு தலையை மேலே தூக்கி, படகின் முனை மாதிரி வளைந்து செத்திருந்தது. குண்டூசியால் ஒன்றை மெல்லத் தூக்கினேன். புழு இல்லை. தண்ணீர் நிறைந்த சின்னப் பை. தோல் மட்டும் மிச்சம், உள்ளே எல்லாம் கரைந்துபோய்விட்டது.

பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். புழுவைப் பையாக்கிக் கொல்கிற வைரஸ் நோய். கூட்டில் பிறக்க வேண்டிய பிள்ளை எல்லாம் பிறக்காமல் போகும், மூத்தது செத்துக்கொண்டே வரும், கடைசியில் கூடு காலி.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். ஓரத்துச் சட்டத்தில் ஓர் அடை வாழைநாரால் கட்டித் தொங்கியது. நான் கட்டாத அடை. அறைகள் பெரிது பெரிதாக இருந்தன. என் தேனீ அவ்வளவு பெரிய அறை கட்டாது. அடுத்த பெட்டியைத் திறந்தேன், வாழைநார். அதற்கடுத்தது, வாழைநார். ஒரு பெட்டி பாக்கி இல்லை. சீனித் தண்ணீர்க் கிண்ணங்கள் எல்லாம் கழுவித் துடைத்து மோட்டார் அறையில் அடுக்கியிருந்தன.

அந்த அடைகளில் ஒன்றைப் பாலிதீன் பைக்குள் இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் நேரே குற்றாலம் போனேன். அத்தான் ஒரு கேரளக் குடும்பத்துக்குத் தீக்குச்சி உரசிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. பையை மேசை மேல் போட்டேன்.

"இது யாரு வச்சது?"

"மெதுவாப் பேசு, யாவாரம் நடக்குல்லா."

"யாரு வச்சது அத்தான்?"

"நாந்தான். உங்கக்கா சீனித் தண்ணிய ஊத்திக்கிட்டுக் கிடந்தா. பாக்கச் சகிக்கல. அதுவளும் உசிருதான? அந்தக் கண்றாவியக் கொட்டிட்டு நல்ல அடையா வச்சேன். எல்லாப் பெட்டிக்கும் வச்சேன், ஒண்ணையும் விடல."

அந்த "ஒண்ணையும் விடல" என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தி இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. கெட்டது செய்தவனைத் திட்டலாம். பாவம் பார்த்துக் கெடுத்தவனை என்ன செய்ய? அப்படியும் நான் திட்டினேன். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"எல்லாம் சாகுது அத்தான்! வைக்காதீயன்னு சொன்னேம்லா? தலையத் தலைய ஆட்டினீயள்ளா?"

"எந்தா சேச்சி, தேன் சீத்தயாணோ?" என்று அந்தக் கேரளத்து அம்மா பாட்டிலை மெல்ல மேசையில் திருப்பி வைத்தாள்.

"தேன் நல்ல தேன்தான். நீங்க குடிச்சா ஒண்ணும் ஆகாது. ஈக்குத்தான் எமன்" என்றேன். அவர்கள் போய்விட்டார்கள். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று அத்தானுக்குக் கோபம். அவர் கோபப்பட்டதுதான் எனக்கு ஆத்திரம். அவர் வீட்டுக் கொல்லைக்கே அவரை இழுத்துக்கொண்டு போய் அவருடைய பெட்டிகளைத் திறந்து காட்டினேன். அதே படகு முனை, அதே தண்ணீர்ப் பை. உற்றுப் பார்த்துவிட்டு, "குளிர் அடிச்சிருக்கும்" என்றார். முப்பது வருடம் போலீசில் இருந்த கண்.

பயிற்சியில் பாடம் எடுத்த பேராசிரியை அம்மாவுக்குப் படங்களை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "சோதனை பண்ணினாத்தான் எந்த வகைன்னு உறுதியாச் சொல்ல முடியும். ஆனா அடையாளம் அதேதான். இதுக்கு மருந்து கிடையாதும்மா" என்றார். இந்த நோயின் மோசமான வகை நம் நாட்டில் பிறந்ததே இல்லை, கடல் தாண்டி வந்தது, முன்பு ஒரு தடவை தெற்கே கூடு கூடாக அழித்திருக்கிறது என்றார். இத்தாலியத் தேனீ சில நேரம் தான் சாகாமல் நோயைச் சுமந்துகொண்டு திரியும், நம்முடையது தாங்காது என்றார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மரத்துல ஒரு கூடு இருக்கு மேடம். அதுக்கு யாரும் எதுவும் வைக்கல. அது தப்பிக்குமா?"

அவர் சொன்னார். பெட்டிகள் பலம் குறையக் குறைய, பக்கத்துக் கூட்டுத் தேனீ வந்து அவற்றின் தேனைக் கொள்ளையடிக்கும். தேனோடு நோயும் போகும். மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் பெட்டிகளை இருக்கவிடக் கூடாது. "கஷ்டம்தான். ஆனா சீக்கிரம் செய்யுங்க."

சீக்கிரம் செய்தேன். பொழுது சாய்ந்து ஈ எல்லாம் உள்ளே அடைந்தபிறகு வாசல்களை மண்ணால் அடைத்தேன். மா மரங்களுக்கு அப்பால் ஒரு குழி வெட்டச் சொல்லியிருந்தேன். காய்ந்த மட்டையைப் போட்டு, என் பெட்டிகளை நானே ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். உள்ளே இருந்து சத்தம் கேட்டது. சாகிற ஈ என்றாலும் சத்தம் இருக்கும். மெழுகு உருகி எரிகிற வாசனை நல்ல வாசனை, கோயில் வாசனை போல இருந்தது. நான் அழுதேன், அழுதுகொண்டே அத்தானைத் திட்டினேன், அந்த வியாபாரியைத் திட்டினேன், அவனை ஊருக்குள் விட்டவர்களைத் திட்டினேன். அக்கா தூரத்தில் நின்று, "ஏட்டி, சவத்த விடுட்டி. ஈதானே" என்றாள். அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்கு விஷமாகிப் போனது.

"நீங்களும் எரிங்க அத்தான், இல்லன்னா இது நிக்காது" என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. மாறாக, பலமான பெட்டியிலிருந்து அடையை எடுத்து நோஞ்சான் பெட்டியில் வைத்து எல்லாவற்றையும் சமப்படுத்தினார். போலீஸ் மூளை, ஆள் குறைந்த ஸ்டேஷனுக்கு வேறு ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்புவது போல. அது போதாதென்று ராயகிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்கு ஒரு பெட்டியைச் சீராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "திரும்ப வாங்கிட்டு வாங்க" என்றேன். "சீர் குடுத்தத எவனாவது திரும்பக் கேப்பானா? மானம் போயிரும்" என்றார். ஒரு மாவட்டத்துத் தேனீயைவிட அவர் மானம் பெரிது. நானே போன் போட்டு எரிக்கச் சொன்னேன். புது வீட்டுக்கு வந்த சீரை எரிக்கச் சொல்கிற சனியன் என்று அங்கேயும் பெயர் வாங்கினேன்.

அரசு அலுவலகத்துக்கும் பேசினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் தேனீ கால்நடையில் வராது என்றார். வேறொருத்தர் பயிரில் வராது என்றார். மரத்தில் இருக்கிற கூடு என்றேன், பட்டா நிலத்து மரமா என்று கேட்டார்கள். கோழிக்குக் காய்ச்சல் வந்தால் மலையேறுகிற சாலையில் லாரிக்கு லாரி டயரில் மருந்து அடிக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். தேனீப் பெட்டி ஏற்றிய லாரியை நிறுத்தி உள்ளே என்ன வியாதி என்று கேட்க ஒரு நாதி இல்லை. கோழியை மனுஷன் தின்கிறான், அதனால் கேள்வி இருக்கிறது.

அந்த வியாபாரியையும் போய்ப் பார்த்தேன். சூரியகாந்தி முற்றித் தலை கவிழ்ந்துவிட்டது, அவர் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வேண்டாத பழைய அடைகளை வரப்பில் கொட்டியிருந்தார்கள். அதன் மேல் நம் ஊர்ச் சின்னத் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. எந்தெந்த மரத்திலிருந்து வந்தவையோ.

"இதையாவது மண்ணுல புதைங்கய்யா" என்றேன்.

"ஏன்க்கா கோவப்படறீங்க? வைரஸ் எங்கதான் இல்ல? என் பெட்டியப் பாருங்க, ஒரு ஈ செத்திருக்கா?" என்று மூடியைத் திறந்தே காட்டினார். மஞ்சள் மஞ்சளாகக் கொழுத்து ஓடிக்கொண்டிருந்தன. செத்திருக்கவில்லை. அதுதான் சங்கதியே என்று நான் கத்தியது லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ. அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். மண்வெட்டி கடன் வாங்கி அந்த அடைகளை நான்தான் புதைத்தேன்.

அதன்பிறகு மருத மரத்தடியே கதி என்று கிடந்தேன். பொந்துக்குள் பார்க்க வழியில்லை. வாசலில் போக்குவரத்து இருந்தது, காலில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு வந்தன. தப்பித்துவிட்டது என்றே நினைத்தேன். சாரல் நின்று வெயில் வந்தது. பாகல் பூத்தது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். நோய்க்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், மனசு கேட்கவில்லை.

ஒரு நாள் காலை, மரத்தடியில் எறும்பு வரிசை. எதையோ தூக்கிக்கொண்டு போயின. குனிந்து பார்த்தேன். வெளிறிய சின்னப் பைகள். மேலே நிமிர்ந்தேன். ஒரு ஈ வாசலுக்கு வந்து, வாயில் கவ்வியிருந்ததைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனது. அடுத்தது வந்தது. அதுவும் போட்டது. செத்த பிள்ளைகளை வெளியே எறிந்துகொண்டே இருந்தன. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி என்றால் திறக்கலாம், கழுவலாம், எரிக்கலாம். பொந்துக்குள் என்ன செய்ய?

பேராசிரியை அம்மா ஒரு வழி சொன்னார். புழுவெல்லாம் செத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கூட்டையே விட்டு மொத்தமாகக் கிளம்பும். கிளம்பியதும் பக்கத்தில் ஒரு கிளையில் கொத்தாகத் தொங்கும். அப்போது பிடித்துப் புது இடத்தில் வைத்துவிட்டால், பழைய அடை இல்லை, புழு இல்லை, நோய் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. "விட்டுடாதீங்க. விட்டா நோயோட போயிரும்" என்றார்.

என்னிடம் பெட்டி ஏது? எரித்துவிட்டேனே. அத்தான் வீட்டுப் பெட்டி எல்லாம் நோய் பட்டது. தென்காசிக்குப் போய் வாய் குறுகிய புது மண்பானை ஒன்று வாங்கி வந்து, கழுவி வெயிலில் காயவைத்துத் தயாராக வைத்தேன். அந்தக் காலத்தில் பானையில் வளர்த்திருக்கிறார்கள்தானே.

கிளம்பியது ஒரு முற்பகலில். பொந்திலிருந்து புகை வருவது போலக் கொட்டிக்கொண்டு வந்து, தோப்பு முழுக்கச் சுற்றி, ஒட்டு மாமரத்தின் உச்சியில் போய்த் தொங்கியது. முன்பெல்லாம் பிரிந்து வந்த கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கும்! இது மொத்தமுமே தேங்காய் அளவுதான். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். என்ன கோபம் என்றாலும் ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமே. இரண்டு பேரும் வந்தார்கள். அத்தான் ஏணியைப் பிடித்தார். நான் பானையைத் துண்டால் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். ஐம்பது வயதுக்கு மேல் மாமரம் ஏறியது அன்றைக்குத்தான்.

கிளை மெலிது. கையை நீட்டினால் ஒரு முழம் குறைகிறது. "எறங்குட்டி, விழுந்துராத!" என்று அக்கா கத்துகிறாள். இன்னும் ஒரு கிளை மேலே கால் வைத்தேன். மரம் ஆடியது. கொத்து ஒரு பக்கமாக நெகிழ்ந்தது. அவ்வளவுதான், பிரிந்து எழும்பிவிட்டது. என் முகத்தைச் சுற்றி ஒரு சுற்று. ஒன்றுகூடக் கொட்டவில்லை. தோப்புக்கு மேலே உயர்ந்து, வாய்க்காலைத் தாண்டி, மேற்கே மலையைப் பார்த்து ஒரே நேராகப் போனது.

கீழே அத்தான் கையைத் தட்டினார். சத்தியமாகத் தட்டினார். அவர் முகத்தில் பாரம் இறங்கிய சந்தோஷம்.

"பாத்தியா! பொழச்சுக்கிட்டு பிள்ள! நோயும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு மலைக்குப் போயிட்டு. நான் சொன்னேம்லா? கடவுள் கைவிடல" என்றார். அக்கா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நான் மரத்திலிருந்து இறங்கவே இல்லை. காலி பானையோடு கிளையில் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"அத்தான், அங்கன பொந்துக்குப் பொந்து ஏற்கெனவே குடியிருக்கு. பாறை இடுக்குல இருக்கு, மரத்துல இருக்கு. இது பட்டினியாப் போகுது. போன உடனே அதுங்க வீட்டுல போயித்தான் திருடித் திங்கும். நீங்க வாழநாருல கட்டி வச்சத இது அங்கன கொண்டு போகுது."

தட்டிய கை அப்படியே நின்றது. இத்தனை நாளில் முதல் முறையாக அவருக்குப் புரிந்தது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"அப்ப இப்ப என்ன செய்ய?" என்று கேட்டார். ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பெட்டின்னா எரிச்சிருப்பேன்" என்றேன். "மலைய என்ன செய்யச் சொல்லுதீய?"